எங்கள் கட்டடத்து சூப்பரை (கட்டடப் பராமரிப்பாளர்) ஐஸ் (அமெரிக்கக் குடியேற்றப் போலீஸ்) பிடித்துவிட்டது: இலவச வக்கீல் கிடைப்பாரா?

சுகந்தி (ஜாக்சன் ஹைட்ஸ்)

எல்லோருக்கும் வணக்கம். எச்1பி, கிரீன் கார்டு கேள்விகளுக்கு நடுவே இது கொஞ்சம் வேறு மாதிரி. எனக்காகக் கேட்கவில்லை.

எங்கள் கட்டடத்து சூப்பர் ஈக்வடார்க்காரர். 2005இல் எல்லையைத் தாண்டி வந்தவர். பாய்லர் நின்றாலும், யார் வீட்டில் சாவி தொலைந்தாலும் அவர்தான். அவருடைய சின்னப் பெண்ணும் என் மகனும் ஒரே வகுப்பு. அந்தப் பழக்கத்தில் அவர் மனைவி ஆங்கிலக் காகிதம் எது வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார். இப்போது வந்திருக்கும் காகிதங்கள் எனக்கே புரியவில்லை.

மன்ஹாட்டனில் 26 ஃபெடரல் பிளாசாவில் அவருக்கு ஒரு ஹியரிங் இருந்தது. நீதிபதி அடுத்த தேதி கொடுத்து அனுப்பியிருக்கிறார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் முகமூடி போட்ட ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கட்டடத்தின் பத்தாவது மாடியிலேயே சில நாள் தரையில் படுக்க வைத்திருந்து, இப்போது கோஷனில் உள்ள ஆரஞ்ச் கவுண்டி ஜெயிலுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஐஸ் இணையதளத்தில் தேடி அதை நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன்.

மனைவி வீடுகளில் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறார். ஒரு வக்கீல் முன்பணமே எட்டாயிரம் டாலர் கேட்கிறார். போலீஸ் பிடித்தால் "உனக்கு வசதியில்லை என்றால் அரசே வக்கீல் வைக்கும்" என்று சொல்வார்களே, அது இவருக்கு உண்டா? சர்ச்சில் ஒரு அம்மா, நியூயார்க்கில் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு என்கிறார். இன்னொருவர், அதெல்லாம் கிரிமினல் கேஸுக்கு மட்டும்தான் என்கிறார். உள்ளே ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம்.

நான் எச்4இல் (கணவரின் விசாவைச் சார்ந்த விசா) இருக்கிறேன். இதில் தலையிட்டால் எங்களுக்கு ஏதாவது ஆகுமா என்று என் கணவர் பயப்படுகிறார். அதையும் சொல்லுங்கள்.

---

ரேவதி (பிராங்க்ஸ்)

சுகந்தி, முதலில் அந்தக் கையெழுத்து. ஜெயிலிலிருந்து போன் வரும்போது அவர் மனைவி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லட்டும்: வக்கீல் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. "நானாகவே போகிறேன்", "விசாரணை வேண்டாம், நாடுகடத்தலுக்குச் சம்மதம்" என்ற மாதிரிக் காகிதங்கள் உண்டு. போட்டுவிட்டால் நீதிபதி முன்னால் நிற்கும் வாய்ப்பே போய்விடும். இன்னொன்று, அந்த போன் பதிவாகிறது. எப்படி வந்தார், எந்த வழியாக வந்தார் என்ற கதையெல்லாம் அதில் பேச வேண்டாம்.

நான் நியூயார்க்கில் இதே வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில் பேராலீகல், அதாவது வக்கீல்களுக்கு உதவியாளர். வக்கீல் இல்லை, அதனால் இதைச் சட்ட ஆலோசனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சர்ச்சில் பேசிய இரண்டு பேரும் பாதி சரி. நாடு முழுவதற்குமான விதி இது: கிரிமினல் கேஸில் ஏழைக்கு அரசு வக்கீல் வைத்தே ஆக வேண்டும். 1963இல் கிடியன் வழக்கில் வந்த தீர்ப்பு. ஆனால் நாடுகடத்தல் தண்டனை இல்லை, வெறும் சிவில் விவகாரம் என்று 1893இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவைத்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு குடியேற்றச் சட்டத்தில் எழுதியிருப்பது என்னவென்றால், வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் அரசுக்குச் செலவில்லாமல். உரிமை இருக்கிறது, காசு உன்னுடையது. கையில் விலங்கோடு இருக்கும் ஆள் எங்கே போய் வக்கீல் தேடுவார் என்று சட்டம் கேட்பதில்லை. எதிர்ப்பக்கம் அரசு வக்கீல் ஒவ்வொரு ஹியரிங்கிலும் இருப்பார். அவருக்குச் சம்பளம் நம் வரியில்தான். நீதிபதியும் நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர்தான், தனி நீதிமன்றத்து ஆள் இல்லை.

நியூயார்க் மட்டும் இதில் கொஞ்சம் வேறு. இங்கே ஃபெடரல் அப்பீல் கோர்ட்டில் நீதிபதியாக இருந்த ராபர்ட் காட்ஸ்மேன், வக்கீல் இல்லாமலும் மோசமான வக்கீல்களோடும் வந்து குவியும் குடியேற்ற வழக்குகளைப் பார்த்துச் சலித்துப்போய் ஓர் ஆய்வுக் குழு அமைத்தார். 2011இல் அவர்கள் சொன்ன கணக்கு: வக்கீலும் இருந்து, காவலில் இல்லாமல் வெளியிலும் இருந்தவர்களில் 74 சதவீதம் பேர் கேஸில் ஜெயித்தார்கள். வக்கீலும் இல்லாமல் உள்ளேயும் இருந்தவர்களில் 3 சதவீதம். அதை வைத்து 2013இல் நகர கவுன்சில் ஐந்து லட்சம் டாலர் ஒதுக்கி, வேரிக் தெரு இமிக்ரேஷன் கோர்ட்டில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருடம் 49 லட்சம் டாலர். பெயர் நியூயார்க் இமிக்ரன்ட் ஃபேமிலி யூனிட்டி புராஜெக்ட். எங்கள் ஆட்கள் நைஃபப் என்போம். பிராங்க்ஸ் டிஃபெண்டர்ஸ், புரூக்ளின் டிஃபெண்டர் சர்வீசஸ், லீகல் எய்ட் சொசைட்டி என மூன்று அமைப்புகள் நடத்துகின்றன. கிரிமினல் கோர்ட்டில் ஏழைகளுக்கு வாதாடிக்கொண்டிருந்த அதே ஆட்கள்தான். 2017இல் மாநில அரசும் பணம் போட்டது. அதனால் பஃபலோ பக்கம் உள்ளே இருப்பவர்களுக்கும் வழி வந்தது.

தகுதி இரண்டுதான். உள்ளே இருக்க வேண்டும், வருமானம் வறுமைக் கோட்டின் இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும். கேஸ் ஜெயிக்குமா தோற்குமா என்று பார்ப்பதில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் இலவச வக்கீல் தரும் இடங்களில் பெரும்பாலும் முதலில் கதையைக் கேட்டு "இது நிற்கும், இது நிற்காது" என்று பிரித்த பிறகுதான் எடுப்பார்கள். இங்கே முதல் ஹியரிங்கில் வக்கீல் இல்லாமல் யார் வந்தாலும் அன்றைய முறையில் இருக்கும் அமைப்பு எடுத்துக்கொள்ளும். ஜெயிலிலிருந்து வீடியோவில்தான் அவரைக் காட்டுவார்கள். 2018இலிருந்து வேரிக்கில் அப்படித்தான்.

அதற்காக முதல் ஹியரிங் வரை காத்திருக்காதீர்கள். இன்றே நகர உதவி எண் 311க்கு போன் செய்து, இமிக்ரேஷன் சட்ட உதவி, ஆள் உள்ளே இருக்கிறார், ஆரஞ்ச் கவுண்டி என்று சொல்லுங்கள். ஸ்பானிஷ் பேசுபவர் கிடைப்பார், மனைவியே பேசட்டும். ஏ-நம்பர் (குடியேற்றத் துறை அவருக்குக் கொடுத்த எண்) கையில் இருக்கட்டும். இப்போதெல்லாம் ஆட்களை லூசியானா, டெக்சஸ் என்று திடீரென்று மாற்றிவிடுகிறார்கள். நியூயார்க்கின் எல்லைக்குள் இருக்கும்போதே ஒரு வக்கீல் பெயர் கோப்பில் ஏறிவிட வேண்டும்.

ஒரு சந்தேகம். எல்லையைத் தாண்டி வந்து இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தவருக்கு கோர்ட்டில் கேஸ் எப்படி வந்தது? ரூஸ்வெல்ட் அவென்யூவில் யாராவது நோட்டாரியோ (வக்கீல் இல்லாமலே வக்கீல் வேலை பார்ப்பவர்) "பத்து வருடம் இருந்தால் கிரீன் கார்டு, முதலில் ஒர்க் பெர்மிட்" என்று காசு வாங்கினாரா என்று அவர் மனைவியைக் கேளுங்கள்.

உங்களைப் பற்றி: காகிதம் படித்துச் சொல்வதிலும் போன் செய்வதிலும் சட்டப்படி தப்பில்லை. ஜெயிலுக்கோ கோர்ட்டுக்கோ நீங்கள் போக வேண்டிய தேவையும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து செய்யவே உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

---

ரகு (எடிசன்)

நான் சொல்லப்போவது இங்கே யாருக்கும் பிடிக்காது. அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் 2010இல் வந்து, ஒரு நாள் விடாமல் ஸ்டேட்டஸில் இருந்து, வக்கீலுக்கு என் பணத்தைக் கொட்டி, கிரீன் கார்டு வரிசையில் இத்தனை வருடம் நின்றவன் நான். எனக்கு யாரும் இலவசமாக ஒரு படிவம்கூட நிரப்பித் தரவில்லை. சட்டத்தை மீறி வந்தவருக்கு வரிப் பணத்தில் வக்கீல் என்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

கோர்ட்டில் முப்பது லட்சத்துக்கு மேல் கேஸ் தேங்கிக் கிடக்கிறது. எல்லோருக்கும் வக்கீல் கொடுத்தால் இழுத்தடிப்பார்கள், இன்னும் தேங்கும். அப்புறம் ஜெயிப்பு சதவீதம் என்று காட்டுகிறீர்களே, வக்கீல்கள் நல்ல கேஸாகப் பார்த்துத்தானே எடுப்பார்கள்? நல்ல கேஸ் ஜெயிக்கும். அதில் வக்கீலின் பங்கு என்ன?

---

ரேவதி (பிராங்க்ஸ்)

ரகு சார், கடைசியில் கேட்டதுதான் நல்ல கேள்வி. அதிலிருந்தே வருகிறேன்.

நாடு முழுக்கப் பார்த்த கணக்கு என்றால் உங்கள் சந்தேகம் நியாயம். 2007 முதல் 2012 வரை பன்னிரண்டு லட்சம் வழக்குகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு 2015இல் வந்தது. உள்ளே இருந்தவர்களில் வக்கீல் கிடைத்தது 14 சதவீதம் பேருக்குத்தான். வக்கீல் இருந்தவர்கள் பல மடங்கு அதிகமாக ஜெயித்தார்கள். ஆனால் அந்த 14 சதவீதம் பேர் காசு உள்ளவர்களா, கேஸ் வலுவாக இருந்தவர்களா என்று நீங்கள் கேட்டால் முழுப் பதில் இல்லை.

வேரிக்கில் நடந்ததற்கு மதிப்பு அதனால்தான். அங்கே பொறுக்கி எடுக்கவில்லை. வந்த ஆள் எல்லோருக்கும் வக்கீல். முன்பு அதே கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் நின்றவர்களில் ஜெயித்தவர்கள் 4 சதவீதம். எல்லோருக்கும் வக்கீல் வந்த பிறகு 48 சதவீதமாகும் என்று வெரா இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பு 2017இல் கணக்குப் போட்டது. கோர்ட்டும் ஜெயிலும் சட்டமும் அதேதான். அப்படியென்றால் அதற்கு முன்பு அங்கிருந்து அனுப்பப்பட்ட எத்தனையோ பேருக்கு இந்த நாட்டில் இருக்கச் சட்டமே வழி வைத்திருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இந்த வேலையில் இருந்து நான் தெரிந்துகொண்டது இதுதான்: நல்ல கேஸ், கெட்ட கேஸ் என்று வாசலில் நின்று சொல்ல முடியாது. சுகந்தியின் சூப்பரையே எடுங்கள். எல்லையைத் தாண்டி வந்தவர், விசா இல்லை. இந்த இரண்டு வரியைப் படித்தால் யாரும் ஒன்றுமில்லை என்று மூடி வைத்துவிடுவார்கள். ஆனால் பத்து வருடம் தொடர்ந்து இருந்து, நடத்தை சரியாக இருந்து, இங்கே பிறந்த பிள்ளைக்கு அசாதாரணமான கஷ்டம் வரும் என்று காட்டினால் நாடுகடத்தலை ரத்து செய்ய நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. நாடு முழுக்க வருடத்துக்கு 4,000 பேருக்குத்தான் கிடைக்கும். கடினமான கேஸ். "அப்பா இல்லாமல் பிள்ளை அழும்" என்பது போதாது. டாக்டர் அறிக்கை, பள்ளி அறிக்கை, ஈக்வடாரில் அந்தச் சிகிச்சை கிடைக்காது என்பதற்கு ஆதாரம், பத்து வருட வாடகை ரசீது, வரிக் கணக்கு எல்லாம் வேண்டும். கோஷன் ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு, நிமிடத்துக்குக் காசு கட்டும் போனை வைத்துக்கொண்டு, தெரியாத மொழியில் இதையெல்லாம் எப்படிச் சேர்ப்பார்? ஆங்கிலத்தில் மொழிபெயர்க்காத காகிதத்தை நீதிபதி வாங்கவே மாட்டார், தெரியுமா? மொழிபெயர்ப்பாளரின் சான்று வேறு கூடவே இருக்க வேண்டும்.

இழுத்தடிப்பது பற்றி. வக்கீல் இல்லாத ஆளிடம் நீதிபதியே சட்டத்தை விளக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், வக்கீல் தேட அவகாசம் கொடுத்து ஒத்திவைக்க வேண்டும். அதிலும் நாள் போகிறது. எங்களிடம் வருபவர்களில் வழியே இல்லாதவர்களும் உண்டு. அவர்களிடம் வக்கீல் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சிலர் அதைக் கேட்டுவிட்டு, நாடுகடத்தல் உத்தரவு பதிவாகாமல் தாங்களாகவே போக அனுமதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். வேறு யார் சொன்னாலும் நம்பாமல் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்திருப்பார்கள்.

செலவு என்றால், ஒருவரைப் பிடித்து, வைத்திருந்து, அனுப்ப சராசரியாக 17,121 டாலர் ஆகிறது என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே 2025இல் சொன்னது. அதே வருடம் தடுப்பு மையங்களுக்கு மட்டும் 4,500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதுவும் உங்கள் வரிதான். அங்கே வயிறு எரியாதா?

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்த கோர்ட்டுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறோம். கடையில் சின்னத் திருட்டு கேஸ் இரண்டு தனித்தனியாக இருந்தால் கிரீன் கார்டுக்காரரையும் இதே கோர்ட்டில் நிறுத்தலாம். "அபராதம் கட்டினால் முடிந்தது" என்று கிரிமினல் கோர்ட்டில் தலையாட்டிவிட்டு வந்த நம் ஊர்ப் பெற்றோரையும் மாணவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

---

ரகு (எடிசன்)

செலவு விஷயம் யோசிக்க வேண்டியதுதான். வேரிக் கணக்கும் நான் அறியாதது, படித்துப் பார்க்கிறேன். ஆனால் ஒன்றில் என் கருத்து மாறாது. அடிதடி, துப்பாக்கி, போதை மருந்து என்று தண்டனை வாங்கியவருக்கும் அதே இலவச வக்கீலா? எங்காவது ஒரு கோடு போட வேண்டாமா?

---

ரேவதி (பிராங்க்ஸ்)

போட்டுப் பார்த்தார்கள். 2017இல் மேயர் டி பிளாசியோ 170 குற்றங்களின் பட்டியலை வைத்து, அவற்றில் தண்டனை பெற்றவர்களுக்கு நகரப் பணம் கிடையாது என்றார். கவுன்சில் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய சண்டை. கடைசியில் அவர்களுக்கான செலவைப் பெயர் சொல்லாத ஒருவர் நன்கொடையாகக் கொடுத்து அந்த வருடம் ஓடியது.

என் பக்கம் சொல்கிறேன். கொலை செய்தவருக்குக்கூட கிரிமினல் கோர்ட்டில் அரசே வக்கீல் வைக்கும், அதில் யாரும் கோடு போடுவதில்லை. அந்தத் தண்டனையை அனுபவித்து முடித்தவருக்கு இரண்டாவது கோர்ட்டில் மட்டும் ஏன்? அதுவும் அந்தத் தண்டனை உண்மையிலேயே நாடுகடத்தலுக்குரியதா என்பதே பல நேரம் பெரிய சட்டச் சிக்கல். மாநிலச் சட்டத்தில் ஒரு குற்றம், ஃபெடரல் சட்டத்தில் அதற்கு வேறு அர்த்தம். வக்கீல்களே மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

---

சிவா (ஹாரோ, லண்டன்)

ரேவதி அக்கா "வாசலில் நின்று சொல்ல முடியாது" என்று எழுதியதால் நானும் எழுதுகிறேன். நான் வவுனியாவைச் சேர்ந்தவன். 2012இல் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்மண்ட்ஸ்வர்த் தடுப்பு முகாமில் இருந்தேன். இங்கிலாந்தில் அங்கே உள்ளவர்களுக்கு முதல் 30 நிமிட ஆலோசனை இலவசம், வசதி பார்ப்பதில்லை. அகதி வழக்கு என்றால் அதற்குப் பிறகும் லீகல் எய்ட் உண்டு. ஆகவே அமெரிக்காவைவிட எவ்வளவோ மேல் என்று சொல்லலாம்.

ஆனால் அப்பீலுக்குப் பொதுப் பணம் வேண்டுமென்றால், பொதுவாக வெற்றி வாய்ப்பு பாதிக்கு மேல் என்று சொலிசிட்டர் கருத வேண்டும். நான் இருந்தது ஃபாஸ்ட் ட்ராக். சில நாட்களுக்குள் நேர்காணல், முடிவு, அப்பீல் எல்லாம். எனக்குக் கிடைத்த சொலிசிட்டர் என்னோடு கொஞ்ச நேரம் கதைத்தார், கோப்பைப் பார்த்தார், ஐம்பது வீதம் இல்லை என்று கைவிட்டுவிட்டார். நான் முதுகில் இருந்த தழும்புகளைப் பற்றிச் சொல்லவே இல்லை. மொழிபெயர்த்தவர் ஒரு பெண், அவர் முன்னால் எப்படிச் சொல்வது? கேட்கவும் யாருக்கும் நேரமில்லை. பிறகு மாமா கடன் வாங்கி வேறு ஒருவரைப் பிடித்தார். அவர்தான் சட்டையைக் கழற்றச் சொன்னார். முகாம் மருத்துவரிடமிருந்து ரூல் 35 அறிக்கை (சித்திரவதைக்கு உள்ளானவராக இருக்கலாம் என்று மருத்துவர் எழுதுவது) கேட்டு வாங்கினார், வெளியிலிருந்து ஒரு மருத்துவர் வந்து ஒவ்வொரு தழும்பாக அளந்து எழுதினார். அதற்குப் பிறகுதான் வெளியே விட்டார்கள், வழக்கும் வென்றது. ஐம்பது வீதம் இல்லாத வழக்கு!

அந்த ஃபாஸ்ட் ட்ராக் முறையே சட்டவிரோதம் என்று 2015இல் நீதிமன்றம் சொல்லி நிறுத்தினார்கள். அமெரிக்காவில் நம்மவர் ஒருவர் வழக்கு 2020இல் உச்ச நீதிமன்றம் வரை போனதை இங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லையில் பிடிபட்ட இலங்கைத் தமிழர். விரைவு நாடுகடத்தலில் இருப்பவர் ஆட்கொணர்வு மனு போட்டுத் தன் அகதிக் கோரிக்கையை மறுபரிசீலனை செய்யக் கேட்க முடியாது என்று 7-2 என்று தீர்ப்பு வந்தது. அங்கே இன்னும் கடினம் என்று விளங்குகிறது. தங்கச்சி சுகந்தி, நீங்கள் செய்வது நல்ல காரியம்.

---

சுகந்தி (ஜாக்சன் ஹைட்ஸ்)

எல்லோருக்கும் நன்றி. சிவா அண்ணா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

ரேவதி அக்கா, நீங்கள் சந்தேகப்பட்டது அப்படியே சரி. மூவாயிரம் டாலர் வாங்கிய ஒரு ஆள்! "பத்து வருட பெர்மிட்" என்றாராம். உண்மையில் போட்டது அகதி விண்ணப்பம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒர்க் பெர்மிட் வந்தது, அப்புறம் கோர்ட் நோட்டீஸ் வந்தது, அந்த ஆள் போனை எடுப்பதில்லை.

311 மூலம் போன் செய்தோம். ஓர் அமைப்பிலிருந்து பேசினார்கள், கேஸை எடுத்துக்கொண்டார்கள், வக்கீல் வீடியோவில் அவரிடம் பேசியும்விட்டார். ஆனால் ஜாமீன் கிடைக்காது என்கிறாராம், ஃபெடரல் கோர்ட் என்று ஏதோ சொன்னாராம். இமிக்ரேஷன் நீதிபதி இருக்கும்போது எதற்கு இன்னொரு கோர்ட்? இதற்கும் காசு கேட்பார்களா என்று அவர் மனைவி அழுகிறார். சின்னப் பெண்ணுக்குப் பேச்சுப் பயிற்சியும் ஆஸ்துமாவும் இருக்கிறது, அது உதவுமா?

---

ரேவதி (பிராங்க்ஸ்)

காசு கேட்க மாட்டார்கள். அதுவும் அவர்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

ஜாமீன் விஷயம் இப்படி. 2025 செப்டம்பர் வரை, அனுமதியில்லாமல் வந்து பல வருடம் இங்கே வாழ்ந்தவரைப் பிடித்தால் இமிக்ரேஷன் நீதிபதியிடம் பாண்ட் கேட்கலாம். அந்த மாதம் குடியேற்ற வழக்குகளின் அப்பீல் போர்டு யஹூரே ஹுர்தாடோ என்ற வழக்கில், இப்படி வந்தவர்களுக்கு பாண்ட் தரும் அதிகாரமே நீதிபதிகளுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டது. நேற்று எல்லையைத் தாண்டியவரும் இருபது வருடம் வாடகை கட்டியவரும் ஒன்று என்ற கணக்கு. நாடு முழுக்க ஏராளமான ஃபெடரல் மாவட்ட நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. அதனால் வழி என்னவென்றால் ஃபெடரல் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு. நம் ஊரில் ஹைகோர்ட்டில் போடுவார்களே, அதன் மூலமே இதுதான். ஆள் எங்கே இருக்கிறாரோ அந்த மாவட்டத்தில்தான் போட வேண்டும். கோஷன் நியூயார்க் தெற்கு மாவட்டத்தில் வருகிறது, மனு மன்ஹாட்டன் பக்கம் போகும். லூசியானாவுக்குக் கொண்டுபோன பிறகு போட்டால் லூசியானா நீதிபதி. மாற்றாதே என்று நீதிபதி முதலிலேயே உத்தரவு போடுவதும் உண்டு. முதல் பதிலில் நான் அவசரப்படுத்தியது இதற்குத்தான். வக்கீலுக்கு இந்த வார முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும். உங்களுக்குப் பதில் சொல்ல ஒரு நாள் தாமதமானால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆளுக்கு எத்தனை கோப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பத்தாவது மாடியில் தரையில் படுத்தார் என்றீர்களே, அதையும் தேதியோடு வக்கீலிடம் சொல்லச் சொல்லுங்கள். அங்கே ஆளுக்கு 50 சதுர அடி, படுக்க மெத்தை, வக்கீலோடு யாரும் கேட்காமல் பேச போன் கொடுக்க வேண்டும் என்று நீதிபதி கப்லான் 2025 ஆகஸ்டில் உத்தரவு போட்டிருக்கிறார்.

அந்த அகதி விண்ணப்பத்தின் நகல்தான் இப்போது முக்கியம். அதில் பொய் எழுதியிருந்தால் அதை யார் எழுதியது, இவருக்கு அது படித்துக் காட்டப்பட்டதா என்பதை வக்கீல் முதலிலேயே கையாள வேண்டும். ஹியரிங்கில் அரசு வக்கீல் அதை எடுத்துக் கேட்ட பிறகு விளக்கினால் எடுபடாது. அந்த ஆளுக்குப் பணம் கொடுத்ததற்கு ரசீது, வாட்ஸ்அப் செய்தி, விசிட்டிங் கார்டு எது இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள்.

பெண் குழந்தை விஷயம் உதவும். ஆஸ்துமா மட்டும் என்றால் பலமில்லை, நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. பேச்சுப் பயிற்சியும் பள்ளியின் ஐஇபி திட்டமும் (சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) சேர்ந்தால் எடை கூடும். பள்ளியில் முழு ஐஇபி கோப்பையும் எழுத்தில் கேளுங்கள், பெற்றோர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். எமர்ஜென்சிக்குப் போன நாட்களின் பதிவுகளை மருத்துவமனையில் அம்மா கையெழுத்திட்டு வாங்கலாம். பயிற்சிக்கு யார் கூட்டிக்கொண்டு போவார் என்பதையும் எழுதி வையுங்கள். அப்பாதான் என்றால் அந்தச் சிகிச்சையாளரிடமே ஒரு கடிதம். 2005இலிருந்து வருடத்துக்கு ஒரு காகிதமாவது வேண்டும், குறிப்பாகக் கடைசிப் பத்து வருடத்துக்கு: வாடகை, தடுப்பூசி அட்டை, பேங்க், வெஸ்டர்ன் யூனியனில் ஊருக்கு அனுப்பிய பணம். கட்டடத்தில் குடியிருப்பவர்கள் கடிதம் கொடுத்தால் நல்லது, ஆனால் "நல்லவர், வல்லவர்" என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டாம். பாய்லர் நின்ற ராத்திரி என்ன செய்தார் என்று ஒருவர் எழுதினால் போதும்.

வரி கட்டினாரா? ஐடின் நம்பர் (சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்கான வரி எண்) இருந்தால் வரித் துறையான ஐஆர்எஸ்ஸிலிருந்து பழைய வருடங்களின் டிரான்ஸ்கிரிப்ட் இலவசமாக எடுக்கலாம். அவர் உள்ளே இருப்பதால் வக்கீலுக்கு அனுமதி கொடுக்கும் படிவத்தில் அவர் கையெழுத்து வேண்டும். அந்த ஒரு கையெழுத்து போடலாம்.

---

ரகு (எடிசன்)

சுகந்தி, ஸ்பானிஷ் காகிதங்களுக்குச் சான்றோடு மொழிபெயர்ப்பு வேண்டும் என்றாரே, என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர் அதை நன்றாகச் செய்வார். கேட்டுப் பார்த்து உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புகிறேன். குற்றவாளிகள் விஷயத்தில் நான் சொன்னது அப்படியேதான் இருக்கிறது.